செல்வின் கூட்டிய ஒன்று

மே 18
வெயில். காலை பத்துக்கே மாடி அறை கொதிக்கிறது. ஐந்தருவியில் வெறும் பாறைதானாம்.

குற்றாலம் லாட்ஜ் புரோகிராமைப் புதிய ஜாவாவுக்கு மாற்றும் வேலை, இன்று ஆரம்பம். மொத்தமும் நான் எழுதிய ஜாவா. அறை ஒதுக்கும் விதிகள் மட்டும் ஜாவாஸ்கிரிப்ட், செல்வின் எழுதியவை. அவற்றை ஓட்டும் எஞ்சின் பழைய ஜாவாவுக்குள்ளேயே இருந்தது. புதியதில் எடுத்துவிட்டார்கள். வெளியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து பொருத்த வேண்டும்.

செல்வின் இருந்தால் அவன் தலையில் கட்டியிருப்பேன். பிப்ரவரியில் போய்விட்டான். நெஞ்சுவலி. நாற்பத்து மூன்று வயது.

வாங்க: பால், ஃபேனுக்குக் கண்டென்சர், அம்மா மாத்திரை.

மே 19
லாட்ஜ் அண்ணாச்சி போன். எல்லாவற்றையும் ஜாவாவிலேயே எழுதினால் என்ன, எதற்கு இரண்டு மொழி என்கிறார். முடியாது என்றேன். காரணம் சொல்லவில்லை. மொத்தம் நாற்பத்தொரு விதிகள். செ. விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது அவ்வளவுதான்.

புது எஞ்சின் யாரையும் நம்பாது. ஜாவாப் பக்கம் எதையெல்லாம் தொடலாம் என்று ஒவ்வொன்றாக அனுமதி கொடுக்க வேண்டும். மாலைக்குள் முடித்தேன். அப்படியே தேதிப் பகுதியையும் புதிதாக எழுதினேன். சுத்தமாக வந்தது. கொஞ்சம் பெருமைகூட.

டீக்கடையில் ஒருவர்: "இந்த வருசம் சாரல் முந்தியே வந்துரும்னு சொல்லுதாவ."

மே 20
கரண்ட் இல்லை, 9 முதல் 2 வரை. பிறகு சோதனை. எஞ்சின் ஓடுகிறது, விடைதான் தப்பு. ஜூனில் தொடங்க வேண்டிய சாரல் சீசன் விதிகள் இன்றைக்கே வேலை செய்கின்றன. எண்ணெய்க் குளியலுக்கு வருபவர்களுக்குக் கீழ்த்தள அறை, ஒரு நாள் புக்கிங் கிடையாது. வெளியே மண்டை காய்கிறது, உள்ளே சாரல்.

செ.யைத்தான் திட்டினேன், வாய்விட்டு. பழக்கதோஷம்.

மே 21
அவன் விதிகளைத் திறந்து வாசித்தேன். ஆறு வருடத்தில் முதல்முறை. நாற்பத்தொன்றிலும் மேலே அதே வரி: மாதத்தோடு ஒன்று கூட்டு.

பழைய ஜாவா நாட்காட்டி மாதத்தைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும். மே என்றால் நான்கு. இத்தனை வருடமும் நான் அதை அப்படியே அவன் பக்கம் தள்ளியிருக்கிறேன். முந்தாநாள் எழுதிய தேதிப் பகுதியில் ஐந்து என்று சரியாகப் போகிறது. அவன் வரி ஒன்று கூட்டுகிறது. ஜூன்.

போனில் அவனுடைய பழைய மெசேஜ்களைத் தேடினேன். முதல் வாரத்திலேயே கேட்டிருக்கிறான். "மாசம் ஒண்ணு கம்மியா வருதுலே. என்னன்னு பாரு."

என் பதில்: "நாளைக்குப் பாக்கேன்."

பிறகு அவன் கேட்கவே இல்லை.

போன ஜூன் சண்டையும் இதனால்தான். புதிதாக எழுதிய ஒரு விதியில் மட்டும் அந்த வரியை மறந்திருக்கிறான். சீசன் ஒரு மாதம் தள்ளிப்போய், அண்ணாச்சியிடம் ஏச்சு. செ.யை வைத்துக்கொண்டே சொன்னேன்: "தப்பெல்லாம் இவன் ஸ்கிரிப்ட்லதான் அண்ணாச்சி. என் பக்கம் சுத்தம்." அவன் பத்து நிமிடத்தில் சரிசெய்தான். டீ கூடக் குடிக்காமல் தென்காசி பஸ் ஏறிவிட்டான். அதன்பின் எங்களுக்குள் வேலைப் பேச்சு மட்டும்தான். பிப்ரவரி வரை.

சாப்பிடவில்லை. வெட்கமாக இருக்கிறது.

மே 22
அண்ணாச்சிக்கு போன் போட்டுச் சொன்னேன், போன வருடத் தப்பு என்னுடையது என்று. யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. அவர்: "அவந்தான் போயிட்டானே. இனி அதப் பேசி என்ன செய்ய? ஜூன்ல சரியா ஓடுமா, அதச் சொல்லுங்க தம்பி."

ஓடும் என்றேன்.

முறையாகச் செய்வதென்றால் அவன் வரியை நாற்பத்தொன்றிலும் அழிக்க வேண்டும். அரைமணி வேலை. முதல் விதியைத் திறந்தேன். கை வரவில்லை.

என் பக்கத்தில் மாதத்திலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டேன். பழைய தப்பு, பழைய இடத்தில். நாற்பத்தொன்றும் சரியாக ஓடின.