என் பாயில் படுப்பவன்

அம்மாவுக்கு இசக்கி எழுதுவது. ஒரகடத்தில் எனக்கு ஒரு குறையுமில்லை. உன் மூட்டுவலி தேவலையா?

கம்பெனி செஸ் போட்டியில் எதிரே பகலவன் உட்கார்ந்தான். ஒரே அறை, மாற்று ஷிஃப்ட்; நான் வேலைக்குப் போனதும் என் பாயில் வந்து படுப்பவன். என் சோப்பு சீக்கிரம் கரைவதால் அவன்மேல் எனக்கு ஏற்கெனவே சந்தேகம். நான் மந்திரிக்கு முன்னிருந்த சிப்பாயைத் தள்ளினேன். அவனும் அதையே தள்ளினான். குதிரையை எடுத்தால் அவனும் குதிரை.

“என்னலே, என்னையப் பாத்தே ஆடுதியா?”

“பாத்தா இன்னா, தப்பா?” என்று பலகைமேல் குனிந்தான். அவன் தலையில் நீ காய்ச்சி அனுப்பிய எண்ணெய் வாசனை! அந்த நினைப்பில் ராணியைப் பறிகொடுத்துத் தோற்றேன்.

ஷிஃப்டுக்குப் போகும் கம்பெனி பஸ் வந்துவிட்டது. எண்ணெய் இரண்டு பாட்டிலாக அனுப்பு. ஒன்றைப் பூட்டி வைப்பேன். மற்றதை அவன் திருடட்டும். நான் வந்து படுக்கும்போது பாயில் உன் வாசனை இருக்கும்.