றோஸ் காய்ச்சிய கஞ்சி

ரொறன்ரோ
09.12.1990

அன்புள்ள றோஸுக்கு,

ஆறு வருடமாக ஒரு வரியும் எழுதாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று நீர் நினைக்கக்கூடும். நினைப்பதில் பிழையில்லை.

ஆவணியில் தீவில் ஆமி வந்து இறங்கியபோது என் தியாகலிங்கம் அண்ணை பெண்சாதி பிள்ளைகளோடு வள்ளத்தில் வெளிக்கிட்டுவிட்டார். பாரிசவாதத்தில் கிடந்த அம்மாவை ஏற்ற முடியவில்லையாம். இரண்டு நாளில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு திரும்பலாம் என்று நினைத்தாராம். அதற்குள் பாதை அடைபட்டுவிட்டது. இப்போது அவர் கொழும்பில் இருக்கிறார். நாலு மாதமாக அம்மா இருக்கிறாவா இல்லையா என்றே தெரியாமல் நாங்கள் அழுதுகொண்டிருந்தோம்.

போன கிழமை தீவிலிருந்து கொழும்புக்கு வந்த கத்தோலிக்கச் சுவாமி ஒருவர் அண்ணையிடம், "உங்கட அம்மா உயிரோடை இருக்கிறா. றோஸ்தான் பாக்கிறா" என்று சொன்னாராம்.

எந்த றோஸ் என்று அண்ணை கேட்டாராம். எனக்கு அதைக் கேட்கத் தேவையிருக்கவில்லை.

அம்மா எப்படி இருக்கிறா? சாப்பிடுகிறாவா? பிறத்தியார் கையால் தண்ணீர்கூடக் குடிக்காதவ. தயவுசெய்து ஒரு வரியாவது எழுதும்.

இப்படிக்கு,
சத்தியபாமா


ஊர்காவற்றுறை
17.02.1991

மதிப்புக்குரிய சத்தியபாமா அம்மாவுக்கு,

ஆண்டவருடைய கிருபையால் நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். உங்கள் கடிதத்தைச் சுவாமிதான் கொண்டுவந்து தந்தார். அம்மாவுக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டினேன். மூன்றாம் தரம், "அவளுக்குக் கையெழுத்து இன்னும் திருந்தேல்லை" என்று சொன்னா. ஆகையால் பயப்பட வேண்டாம். புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது.

இடது கையும் காலும் வழங்காது. முதுகில் படுக்கைப் புண் இருந்தது. வேப்பிலை அவித்த தண்ணீரால் கழுவிக் கழுவி இப்போது ஆறி வருகிறது.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உள்ளதைச் சொல்கிறேன். முதல் மூன்று நாளும் அவ வாய் திறக்கவில்லை. இளநீர் மாத்திரம் குடித்தா, அதுவும் நான் வெட்டி வைத்துவிட்டு அப்பால் போன பிறகு. உங்கள் குசினியில், உங்கள் பானையில், அவவுக்குத் தெரியும்படி கதவைத் திறந்து வைத்துக் கஞ்சி காய்ச்சினேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டா. நாலாம் நாள் கரண்டியைக் கிட்டக் கொண்டுபோனபோது வாய் திறந்தா. ஒரு வாய் விழுங்கினா. பிறகு, "உப்புக் காணாது" என்றா. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. குசினிக்குள் ஓடிப்போய் நின்று அழுதுவிட்டு உப்போடு வந்தேன்.

காலையில் நெற்றியில் திருநீறு பூசிவிடுகிறேன். என் கைக்கு அளவு தெரியாது. "என்னடி, சாமியார் மாதிரி ஆக்கிப்போட்டாய்" என்று பேசுவா.

என் மகள் பிலோமினா என் தங்கச்சியோடு வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போய்விட்டாள். மண்டபம் அகதி முகாமில் இருக்கிறாளாம். அவளுக்குப் பதினாலு வயது. அவளுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

பணிவுள்ள,
றோஸ்


ரொறன்ரோ
05.05.1991

அன்புள்ள றோஸ்,

உம்முடைய கடிதத்தைத் தலையணைக்குக் கீழ் வைத்திருக்கிறேன். அம்மாவின் குரல் அதில் கேட்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் எனக்கு இருப்பில்லை. எண்பத்துநாலாம் ஆண்டு மார்கழியில் உம்முடைய அவர் சந்தியாப்பிள்ளை மீன்பிடிக்கப் போய்க் கடலில் இறந்தபோது, புதைக்கிற சேமக்காலைக்குப் போக எங்கள் வளவுக்குள்ளால் போகிற ஒழுங்கைதான் கிட்டின வழி. அம்மா கேற்றைப் பூட்டினா. "கரையார் பிரேதம் என்ர வளவுக்குள்ளாலை போகாது" என்றா. நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தரவை வெளிக்குள், முழங்கால் தண்ணீருக்குள்ளால் போனீர்கள். நீர் பின்னால் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தீர்.

நான் யன்னலடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், றோஸ். கேற்றுத் திறப்பு அலுமாரிக்கு மேல் இருந்தது. என் கைக்கு எட்டும்.

பிறகும் ஏன் எங்கள் அம்மாவிடம் போனீர்?

சத்தியபாமா


ஊர்காவற்றுறை
20.09.1991

மதிப்புக்குரிய சத்தியபாமா அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை இருந்துகொண்டு வாசியுங்கள்.

அம்மா இந்த மாதம் மூன்றாம் திகதி காலை மோசம் போய்விட்டா. பத்து நாளாகக் காய்ச்சல் இருந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. கடைசி இரண்டு நாளும் பேச்சில்லை, ஆனால் கண் என்னைத் தேடியது. ஊரில் மிஞ்சிய சைவக்காரரில் ஆழ்வாப்பிள்ளை அப்பு ஒருவர்தான் நடமாடக்கூடியவர். அவர் தேவாரம் பாடிக் கொள்ளி வைத்தார். ஆமிக்காரரிடம் உத்தரவு கேட்டு விறகு எடுத்தோம். உங்கள் முறைப்படி எல்லாம் செய்தோம். எனக்குத் தெரியாததை அவர் சொல்லித் தந்தார்.

ஏன் போனேன் என்று கேட்டிருந்தீர்கள். நான் புண்ணியவதி இல்லை, அம்மா. ஆமி வந்த புதிதில் சனம் எல்லாம் எங்கள் வேதக் கோயிலுக்குள் ஒதுங்கி இருந்த நாட்களில் உடுப்பு எடுக்க வீட்டுக்குப் போனேன். உங்கள் வீட்டைக் கடக்கும்போது, "ஆராவது நிக்கிறியளோ? தண்ணி..." என்ற சத்தம் கேட்டது. குரல் தெரிந்தது. நான் நிற்கவில்லை. கிடக்கட்டும் என்று நினைத்தேன். நினைத்தபோது மனதுக்கு இதமாகவும் இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அடுத்தநாள் காலைப் பூசையில் எல்லாரும் செபம் சொன்னார்கள். நாங்கள் பிறரை மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்று கேட்கிற இடம் வந்தபோது எனக்கு வாய் வரவில்லை. மற்றவர்கள் சொல்லி முடித்துவிட்டார்கள். நான் மட்டும் அந்த இடத்திலேயே நின்றேன். அன்றுதான் தங்கச்சியின் வள்ளம் போனது. பிலோமினாவை ஏற்றி, "அடுத்த வள்ளத்திலை வாறன்" என்று சொல்லிவிட்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். ஆராவது வந்து பொறுப்பெடுக்கும் வரைக்கும் என்றுதான் போனேன். ஒருவரும் வரவில்லை. வேறு வள்ளமும் வரவில்லை.

அன்பினால் போகவில்லை. அன்பு பிறகு வந்தது, புண்ணைக் கழுவக் கழுவ.

ஆடி மாதத்தில் ஒருநாள் அம்மாவே பேச்சை எடுத்தா.

"றோஸ், அண்டைக்கு நான் கேற்றைப் பூட்டினது நினைவிருக்கோ?"

"ஓம் அம்மா."

"நீ ஒருநாளும் அதைப்பற்றிக் கேக்கேல்லை."

"கேட்டா என்ன சொல்லுவியள்?"

"சொல்ல ஒண்டுமில்லை" என்றா. பிறகு, வழங்குகிற கையால் என் கையைப் பிடித்தா. நித்திரையாகும் வரை விடவில்லை.

நீங்களும் யன்னலை நினைத்து அழ வேண்டாம்.

றோஸ்


ரொறன்ரோ
15.02.1992

அன்புள்ள றோஸ்,

இந்தக் கடிதத்தை நாலு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன்.

இதனுடன் அம்மாவின் நினைவு மலர் வருகிறது. அண்ணை கொழும்பில் அச்சடித்தார். கடைசிக் காலத்தில் அம்மாவை அருகிருந்து பராமரித்தவர் "உறவினர் கமலாதேவி" என்று அதில் இருக்கும். அப்படி ஒருவர் அங்கே நிற்கவில்லை என்பது உமக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அண்ணையின் மகளுக்குக் கலியாணம் பேசுகிறார்கள். மாப்பிள்ளை பகுதி சாதி பார்க்கிற பழைய ஆட்கள். அம்மாவுக்கு ஆர் சமைத்துக் கொடுத்தது, ஆர் குளிப்பாட்டினது என்று விசாரிக்கிறார்களாம். அண்ணை கெஞ்சிக் கேட்டதால் எழுதுகிறேன். ஆராவது உம்மிடம் கேட்டால், கமலாதேவிதான் பார்த்தா என்று சொல்ல முடியுமா? என் மனம் இதில் இல்லை, றோஸ். ஆனால் பிள்ளையின் வாழ்க்கை. நீர் பெரிய மனம் உள்ளவர்.

சத்தியபாமா


ஊர்காவற்றுறை
02.05.1992

அன்புள்ள சத்தியபாமா,

பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்த நாளில் கூப்பிட்ட மாதிரி எழுதுகிறேன். கோபிக்க வேண்டாம்.

நினைவு மலர் கிடைத்தது. அம்மாவின் படம் நன்றாக இருக்கிறது. நான் கண்ட முகம் அதைவிட மெலிந்தது. ஆழ்வாப்பிள்ளை அப்புவும் பார்த்தார். "கமலாதேவி ஆர் பிள்ளை?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

கமலாதேவி பார்த்தா என்று சொல்ல எனக்கு ஏலாது. பெருமைக்காக இல்லை. அந்த ஒரு வருடத்துக்காக நான் கொடுத்தது என் பிள்ளையை. பிலோமினா போன மாதம் எழுதியிருந்தாள். "ஆரின்ரையோ தாய்க்காக என்னை வள்ளத்திலை தனிய விட்டனீங்கள். இனி வந்தாலென்ன, வராட்டாலென்ன" என்று. அவளிடம் போய் நான் என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டாமா? அங்கே நான் இருக்கவே இல்லை என்று எப்படிச் சொல்வது?

ஆனாலும் பயப்படாதீர். நானாக ஒருவரிடமும் பேசமாட்டேன். சுவாமி மன்னாருக்குப் போக ஒழுங்கு செய்கிறார். அங்கிருந்து வள்ளம் கிடைத்தால் மண்டபத்துக்குப் போவேன். அங்கே உங்கள் ஆட்கள் என்னைத் தேடி வரமாட்டார்கள். கலியாணம் நல்லபடி நடக்கட்டும். அந்தப் பெண் சந்தோசமாக இருக்கட்டும்.

இனி எனக்குக் கடிதம் எழுத வேண்டாம், சத்தியபாமா. கோபத்தில் சொல்லவில்லை. உம்முடைய அம்மாவை மன்னிக்க எனக்கு ஒரு வருடம் அவவின் பக்கத்தில் இருக்கக் கிடைத்தது. நீர் தூரத்தில் இருக்கிறீர். தூரத்தில் இருப்பவரை மன்னிப்பது எனக்குக் கடினமாக இருக்கிறது.

அம்மாவுக்காகத் தினமும் செபிக்கிறேன். இந்தக் கிழமை தொடக்கம் உம்முடைய பெயரையும் சேர்த்துச் சொல்லிப் பழகுகிறேன். அதையும் ஒருவரிடமும் சொல்லமாட்டேன்.

றோஸ்