முகூர்த்தத்துக்கு வழிவிட்ட அக்கா

என் அன்பு அக்கா,

உங்களுக்குப் பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. உங்களிடம் சொல்லாமல் எந்தச் சேதி எனக்குச் செரித்திருக்கிறது? அதனால் எழுதுகிறேன்.

ஜமீனும் போய், மூத்தவரான உங்கள் வீட்டுக்காரரும் போன பிறகு நம் அரண்மனையில் வௌவால்தான் குடித்தனம் நடத்தியது. தேக்குத் தூண்களைக் கழற்றி மர வியாபாரிக்குக் கொடுத்துவிட என் வீட்டுக்காரர், அதுதான் உங்கள் கொழுந்தனார், துடித்தார். நீங்கள் அசையவில்லை. "கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவோம்" என்றீர்கள். "அரண்மனையில கண்டவுகளும் பந்தி போடுறதா?" என்று அவர் குதித்த குதி இருக்கிறதே!

முதலில் வந்தது சின்னாளபட்டி நெசவுக்காரர் வீட்டுக் கல்யாணம். பெண் வீட்டார் பழைய பயத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கவாசலுக்குப் போய்விட்டார்கள். நீங்கள் ஓடிப்போய், "ஏத்தா, இன்னைக்கு இது உங்க வீடு. முன்வாசல் வழியா வாங்க" என்று அழைத்துவந்தீர்கள். ராணி என்றால் எனக்கு நகைதான் நினைவுக்கு வரும். அன்றுதான் ஆளைப் பார்த்தேன்.

இந்த ஐப்பசியில் படுத்தீர்கள். டாக்டர் கையை விரித்துவிட்டார். அரண்மனையிலோ மறுநாள் முகூர்த்தம். நிலக்கோட்டையிலிருந்து பூக்கூடை வந்து இறங்கிவிட்டது. நீங்கள் கிடந்ததோ அதே அரண்மனைப் பின்கட்டில். அங்கே உயிர் போனால் தீட்டு, கல்யாணம் நின்றுவிடும்.

"என்னையத் தோப்பு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போங்க" என்றீர்கள்.

"அரண்மனை மருமக தோப்புலயா சாகுறது, அண்ணி?" என்று உங்கள் கொழுந்தனார் அழுதார்.

"அந்தப் புள்ள மாலையோட நிக்கையில நான் குறுக்க படுத்துக் கிடக்கணுமா, அப்பு?"

வண்டியில் வைக்கோல் பரப்பி அவரே உங்களைத் தூக்கி வைத்தார்.

விடிகிற நேரத்தில் போய்விட்டீர்கள். கல்யாணப் பெண்ணின் அப்பா தோப்புக்கு ஓடிவந்து, "மேளம் வேண்டாம்மா, சத்தமில்லாமத் தாலி கட்டிக்கிடுறோம்" என்று என்னிடம் கைகூப்பினார். மூலையில் அழுதுகொண்டிருந்த உங்கள் கொழுந்தனார் துண்டை உதறி எழுந்தார்.

"மேளம் இல்லாமயா? இதுக்காய்யா எங்க அண்ணி அந்த ஒடம்போட இம்புட்டுத் தூரம் வந்தாக? நல்லா வாசிக்கச் சொல்லுங்க!"

சற்று நேரத்தில் நாயனச் சத்தம் வயல் தாண்டி வந்தது. எனக்கு அழுகையும் வந்தது, பெருமையும் வந்தது. உங்களுக்குக் கேட்டதா, அக்கா?

தை மாதக் கல்யாணங்களுக்கு அரண்மனையை இப்போதே வந்து கேட்கிறார்கள். ஒரு கல்யாணமும் நிற்காது. என் காலம் வரும்போது யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நானே வண்டியைப் பூட்டச் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
ஓரகத்தியாக வந்தும் நீங்கள் தங்கச்சி என்றே கூப்பிட்டவள்