யாருக்கு அடித்த லைட்

ஜூலை 8, செவ்வாய்

காலையில் பனி. துவைத்த துணி இன்னும் காயவில்லை. கேஸ் தீரப் போகிறது, சொல்லி வைக்க வேண்டும்.

ஈப்போவில் இந்தப் பழைய காரை வாங்கி மலைக்குக் கொண்டுவந்து இரண்டு வாரம். இன்று எஸ்டேட் ஆபீஸ் வேலையாகத் தானா ராத்தா போகும்போது, எதிரே வந்த வெள்ளைக் கார் இரண்டு தடவை லைட் அடித்தது. ஓட்டியவர் கையையும் தூக்கினார். ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். நாலு டயரும் சரி. பின்கதவு மூடித்தான் இருந்தது. துப்பட்டாவும் கதவில் மாட்டவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். காய்கறி லாரி ஓட்டுகிறவர், ரோட்டு விஷயமெல்லாம் தனக்குத்தான் தெரியும் என்ற நினைப்பு.

“முன்னால போலீஸ் நிக்குதுன்னு அர்த்தம்லா. இதுக்குப் போயி காடிய நிறுத்துவியா?”

போலீஸும் இல்லை, ஒன்றும் இல்லை. வழி நெடுகப் பார்த்துக்கொண்டுதானே போனேன்.

ஜூலை 10, வியாழன்

மழை. மறுபடியும் லைட். இந்தத் தடவை நீலக் கார். ஓட்டியவர் வாயெல்லாம் பல்லாக வந்தார். கிட்டே வந்து என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. என் முகத்துக்கு என்ன?

“நாப்பத்தி மூணு வயசுல உனக்கு யாருடி லைட் அடிக்கப் போறா” என்கிறார் இவர். இரவு அவருக்கு ரசம் மட்டும்.

ஜூலை 11, வெள்ளி

வெயில். துணி காய்ந்தது. வாங்க வேண்டியவை: பருப்பு, பாத்திரம் கழுவும் சோப்பு, இவருக்கு இருமல் மருந்து.

தானா ராத்தா பெட்ரோல் நிலையத்தில் ஒருவர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். ரஃபி பாய். பஸ் நிலையத்துப் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். அவர் கடை ரொட்டி சாப்பிட்டிருக்கிறேன், பேசியதில்லை.

“அக்கா, பானட்ட கொஞ்சம் தொறந்து காட்டுவீங்களா?”

புகை வருகிறதாக்கும் என்று பதறித் திறந்துவிட்டேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு, சாமி கும்பிட வந்தவர் மாதிரி நின்றார். பிறகுதான் விளக்கம். காருக்குள் இருப்பது காரோடு வந்த இஞ்சின் இல்லையாம். ஜப்பானில் பழைய காரைப் பாதியாக வெட்டி, முன்பாதியை மட்டும் கப்பலில் அனுப்புவார்களாம். ஹாஃப்கட் என்று பெயர். அதிலிருந்து எடுத்த டர்போ இஞ்சின்.

மேட்டில் இந்தக் கார் பறப்பதைப் பார்த்து நான் நன்றாக ஓட்டக் கற்றுக்கொண்டேன் என்றல்லவா இருந்தேன்.

ஞாயிறு காலை இந்த மாதிரிக் கார்க்காரர்கள் அவர் கடையில் கூடுவார்களாம். “சும்மா டீத்தண்ணி குடிச்சிப் பேசுவோம். வாங்கக்கா.” லைட் அடிப்பது இவர்கள் பழக்கம். ஒருத்தர் லைட் அடித்தால் மற்றவர் சிவப்புப் பொத்தானை அழுத்தி டபுள் சிக்னல் போட்டு, இரண்டு பக்க விளக்கையும் மினுக்கிப் பதில் சொல்ல வேண்டும். மரியாதையாம். நான் இரண்டு பேருக்குப் பதில் சொல்லவில்லை.

வெட்டிய பின்பாதியை என்ன செய்வார்கள்? கேட்க மறந்துவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

போனேன். கடைக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு கார், எல்லாவற்றிலும் பானட் திறந்தபடி. திறந்து வைப்பதும் மரியாதைதானாம். கல்யாண வீட்டில் நகை பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாய்க் குனிந்து பார்க்கிறார்கள். நானும் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை, ஆனால் பிடித்திருந்தது. யாரும் யாருடைய சம்பளத்தையும் கேட்கவில்லை.

வெள்ளைக் கார்க்காரர் திரிங்காப்பில் பூத்தோட்டம் வைத்திருக்கும் ஆ ஹெங். சந்தைத் தமிழ் நன்றாகப் பேசுகிறார். அவரோடு வந்தவர் முனுசாமி, கோலா தெர்லாக்காரர், ஐம்பது வயது இருக்கும். கூட்டத்தில் கார் இல்லாதவர் அவர் ஒருத்தர்தான். எல்லா பானட்டையும் எட்டிப் பார்த்தார், என்னுடையதைத் தவிர.

கிளம்பும்போது மட்டும் ஜன்னல் பக்கம் வந்தார்.

“தங்கச்சி, மூணாவது கியர ஒடனே தள்ளாதீங்க. நியூட்ரல்ல ஒரு மூச்சு விட்டுட்டுப் போடுங்க. பின்னால இடது கண்ணாடிய எறக்காதீங்க, அப்புறம் ஏறாது.”

மூன்றாவது கியர் கரகரப்பது எனக்கும் காருக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

ஜூலை 14, திங்கள்

இடது கண்ணாடியை இறக்கிப் பார்த்தேன். ஏறவில்லை.

பிளாஸ்டிக் பை ஒட்டி ஓட்டுகிறேன். இவர் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்கிறார்.

ஜூலை 15, செவ்வாய்

மத்தியானம் ரஃபி பாய் கடை. மீன் குழம்பில் உப்பு அதிகம். நேராகக் கேட்டுவிட்டேன், முனுசாமிக்கு எப்படித் தெரியும் என்று. பாய் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அது அவரு காடிதான்கா. பானட்டுக்குள்ள பூரா அவரு கை.”

முனுசாமி காய்கறி லாரி ஓட்டியவர். போன வருடம் மூட்டை இறக்கும் இடத்தில் வலிப்பு வந்து விழுந்திருக்கிறார். பிறகு இன்னொரு தடவை. இனி எந்த வண்டியும் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது தோட்டத்தில் முட்டைக்கோஸ் மூட்டை கட்டுகிறார். மலையில் இருந்தால் கண்ணில் படும் என்றுதான் காரை ஈப்போவில் கொண்டுபோய் விற்றாராம். நான் மெனக்கெட்டு அதைத் திரும்ப மேலே கொண்டுவந்திருக்கிறேன்.

“ஆ ஹெங்கு அன்னிக்கு மூச்சு வாங்க ஓடியாந்தாரு. முனுசாமி திரும்ப ஓட்டறான், நான் லைட் அடிச்சேன்னு.”

ஆக, அந்த லைட் எனக்கு இல்லை.

இவரிடம் சொன்னபோது முதல் தடவையாகக் கிண்டல் செய்யவில்லை. “டிரைவருக்கு அது கை போன மாதிரிடி” என்றார். வெகுநேரம் டிவியைப் பார்த்தபடி இருந்தார், சத்தம் வைக்காமல்.

ஜூலை 20, ஞாயிறு

பனி. போகவில்லை. அவர் கண்ணெதிரே அந்தக் காரைக் கொண்டுபோய் நிறுத்த மனம் வரவில்லை. வீட்டைத் துடைத்தேன். அலமாரியைத் துடைத்தேன். துடைத்ததையே மறுபடி துடைத்தேன்.

விற்றுவிடலாமா? எனக்கு இந்தக் கார் பிடித்திருக்கிறது. அதுதான் சங்கடம்.

ஜூலை 23, புதன்

ஆட்களின் சம்பளச் சீட்டு எழுதும் கிராணி வேலை. கழுத்து வலி. ஆபீஸ் போன் அடித்தது, முனுசாமி.

“கிராணியம்மாவா? ஞாயித்துக்கெழம ஏன் வரல?”

என்ன சொல்வது என்று தெரியாமல் உண்மையையே சொன்னேன். உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்றுதான் வரவில்லை, வேண்டுமானால் இனிமேலும் வரவில்லை என்றேன்.

“கஷ்டமாத்தான் இருந்துச்சு. நீங்க வராதப்ப ரொம்ப இருந்துச்சு. காடிய எங்க கொண்டுபோயி மோதிட்டீங்களோன்னு.” பிறகு, “கண்ணாடிய எறக்கிட்டீங்கதானே?”

ஆமாம் என்றேன். சிரித்தார்.

ஜூலை 27, ஞாயிறு

வெயிலும் பனியும் மாறி மாறி. இவரும் கூட வந்தார், எதற்கென்று சொல்லவில்லை. முனுசாமி வரும்போதே ஸ்குரூடிரைவரோடு வந்தார். கதவைப் பிரித்துக் கண்ணாடியை ஏற்றினார். முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார், போகவில்லை.

“ஏறுங்கண்ணே, ஒரு சுத்து” என்றேன். சாவிக்காகத் தெரியாமல் அவர் கை நீண்டுவிட்டது. எல்லோரும் பார்த்தார்கள். கையை மடக்கிக்கொண்டார். “அந்தப் பக்கம் நான் ஒக்காந்ததே இல்ல தங்கச்சி.” எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. இவர்தான் இடது கதவைத் திறந்துவிட்டுப் பின்சீட்டில் ஏறினார். “வாங்கண்ணே. எனக்கும் இவ ஓட்டறதப் பாத்தா பயம்தான்.”

ஏறினார்.

தேயிலைப் பக்கம் மேட்டில் போனோம். முனுசாமி கண்ணை மூடிக்கொண்டு இஞ்சினைக் கேட்டார். இரண்டாவது கியர். மூன்றாவதுக்குக் கிளட்ச் மிதித்தேன். “இருங்க” என்றார். “இப்ப.” கரகரக்கவில்லை.

வளைவில் எதிரே ஆ ஹெங், பிந்தி வருகிறார். இரண்டு தடவை லைட். பதில் போட எனக்குக் கை ஒழியவில்லை. முனுசாமி எட்டி நடுவில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினார். அழுத்திய விரலை எடுக்கவில்லை, ஆ ஹெங் தாண்டிப் போன பிறகும்.