அகல டயர் போட்ட மழைக்காலம்

மாடியில் குடியிருப்பவர் தென்காசிப் பக்கத்துக்காரர். ஒரகடத்தில் ஷிஃப்ட் வேலை. மேடு பள்ளம் பார்க்காமல் ஏறுகிற பெரிய வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறார். அதற்குப் புது டயர் நாலு கொண்டுவந்து, "அம்மா, ஞாயித்துக்கெழம மாட்டிருதேன், அதுவர இங்கன கெடக்கட்டும்" என்று என் சமையலறை ஜன்னலுக்கு வெளியே அடுக்கிவிட்டுப் போனார். காலையில் ஜன்னலைத் திறந்ததும் புது ரப்பர் வாசனை நேரே அடுப்படிக்குள் வந்தது. பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அணைக்கக் கை போகவில்லை.

இதை உங்களிடம்தான் சொல்லமுடியும். நீங்கள் போன பிறகு நான் பேசுவது முருகனிடமும் பால்காரரிடமும்தான். ஒருவர் பதில் சொல்வதில்லை, இன்னொருவருக்கு நேரமில்லை. டயர் வாசனை அடித்தது, புருஷன் நினைப்பு வந்தது என்று வேறு யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஏலத்தில் ஒரு ஜீப்பை எடுத்து வந்தீர்கள். அதற்கு முன்பு லாரி ஓட்டினீர்கள். தார்ப்பாய் கட்ட லோடு மேலே ஏறி, அங்கிருந்து விழுந்ததில் உங்கள் இடது தோள் போனது. கை நெஞ்சுக்கு மேலே எழும்பாது. கியர் போடலாம், சோறு பிசையலாம், அதற்கு மேல் முடியாது. வெளியே யாருக்கும் அது தெரியக்கூடாது என்று சட்டையைக்கூட நான் மாட்டிவிட்டுத்தான் வாசலுக்குப் போவீர்கள். ஸ்டியரிங்கை ஒற்றைக் கையால் பிடிக்கிறவருக்கு யார் வாடகை கொடுப்பார்கள் என்ற பயம். அந்தப் பயத்தில் பாதியை எனக்கும் கொடுத்திருந்தீர்கள்.

பூமிக்கடியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க மெட்ராஸிலிருந்து ஒரு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். ஏரி ஏரியாக இறங்கிக் குழாய் போட்டுப் பார்க்கிற வேலை. அவர்களுடைய இன்ஜினியர் நம் வாசலில் நின்று ஜீப்பைச் சுற்றிப் பார்த்தார்.

"எங்களுக்கு ரோடு வேணாம்ப்பா. ஏரிக்குள்ள இறங்கி ஏறணும். எங்கயாவது மாட்டிக்கிச்சுன்னா அன்னியோட வேற வண்டி பாத்துப்போம்."

வண்டியின் பழைய டயர்கள் மழமழவென்று தேய்ந்துபோயிருந்தன. மெக்கானிக் தேவராஜ் வந்து ஒவ்வொன்றையும் காலால் உதைத்தார். "இத்த வெச்சிகினு ஏரில எறங்கினா மாடு கட்டித்தான் இழுக்கணும். புதுப்பேட்டைல அகல ரிம்மு நாலு பாத்து வெச்சிகிறேன். ஏதோ வெளிநாட்டு வண்டியது. டயரோட வரும். யான காலு மாதிரி இருக்கும்ண்ணே. அப்பால சேறாவது ஒண்ணாவது."

பழைய ரிம் பதினாறு அங்குலம், அவர் கொண்டுவந்தது பதினைந்து. ஆனால் டயர் மாட்டியதும் வண்டி உயர்ந்து நின்றது. எனக்குப் புரியவில்லை. பள்ளிக்கூடம் நான் அதிகம் போனவள் இல்லை. முருகன் பாட்டுப் புத்தகத்தில் எழுத்தும், காலண்டர் தாளில் எண்ணுமாக நானே கூட்டிக் கூட்டிப் படித்தவள். சின்ன எண் போட்டால் வண்டி எப்படிப் பெரிதாகும் என்று உங்களைக் கேட்டேன்.

"வடைல ஓட்ட கீதில்ல? அதான் ரிம்மு. ஓட்ட சின்னது, வடை பெருசு. போதுமா?" என்றீர்கள்.

போதுமானதாக இருந்தது. ஆனால் அந்தப் பெரிய வடையைத் திருப்பப் போவது யார் என்பதை நாம் இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

அது தெரிந்தது வல்லக்கோட்டையில்தான். புது டயர் போட்ட வண்டியை முருகன் சந்நிதிக்கு எதிரே நிறுத்திப் பூஜை போட்டோம். குருக்கள் தீபாராதனை காட்டி, நாலு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, "ஏத்தி எடுங்கோ" என்றார். முன்னால் ஒரு டூரிஸ்ட் வண்டி நின்றிருந்ததால் நேரே போகமுடியாது, உடனே வலதுபக்கம் ஒடிக்கவேண்டும். நீங்கள் ஒடித்தீர்கள், ஸ்டியரிங் அசையவில்லை. நின்ற இடத்திலேயே திருப்பும்போது அகல டயர் தரையை அப்படிக் கவ்விக்கொள்கிறது. வலது கை நரம்பு புடைத்தது. பின்னால் காத்திருந்த வண்டிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். உங்கள் கழுத்தில் வேர்வை இறங்குவதைப் பார்த்தேன்.

அர்ச்சனைத் தட்டை மடியில் வைத்துவிட்டு நான் வலது கையை நீட்டி, ஸ்டியரிங்கின் என் பக்கத்தைப் பிடித்து மேலே தள்ளினேன். நீங்கள் உங்கள் பக்கத்தைக் கீழே இழுத்தீர்கள். முனகிக்கொண்டே சக்கரம் திரும்பியது. பழம் நசுங்கிய சத்தம் கேட்டது.

பின்னாலிருந்த ஒருவன் சும்மா இருக்கவில்லை. "இன்னா நைனா, வூட்டுக்காரம்மாதான் டிரைவரா?"

"லைசென்ஸு எனக்கு, வண்டி அவளுக்கு" என்றீர்கள் திரும்பாமலே. எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். கழுத்தில் இறங்கிய வேர்வையை வல்லக்கோட்டை எல்லை தாண்டிய பிறகுதான் துடைத்தீர்கள்.

வேலை மறுநாளே ஆரம்பம். டயரைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. நான்தான் இன்ஜினியரிடம் போய், ஏரிக்குள்ளே கடை ஏது, மத்தியானச் சாப்பாட்டை நானே கட்டி எடுத்துவந்து பரிமாறுகிறேன் என்று சொன்னேன். அவருக்கும் அது சௌகரியமாக இருந்தது. அப்படித்தான் அந்த ஐப்பசி மாதம் முழுக்க நான் உங்கள் இடது பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன்.

காலடியில் சாம்பார் தூக்கு, மடியில் சோற்றுப் பாத்திரம். வளைவு வந்தால் நீங்கள் தொண்டையில் ஒரு சத்தம் போடுவீர்கள், நான் தள்ளுவேன் அல்லது இழுப்பேன். முதல் இரண்டு நாள் வரப்பிலேறி வாய்க்காலில் இறங்கினோம். பிறகு அந்தச் சத்தமும் தேவைப்படவில்லை. உங்கள் தோள் சாய்வதைப் பார்த்தே கை போனது. முழுவதும் ஒடித்தால் டயர் உள்ளே ஸ்பிரிங் பட்டையில் உரசும், ஆகவே எங்கே விடவேண்டும் என்பதுகூட என் கைக்குத் தெரிந்திருந்தது. பின்சீட்டிலிருந்த இன்ஜினியர், நான் பயத்தில் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். "விடுங்கம்மா, அவர் பாத்துப்பார்" என்று தைரியம் சொன்னார். நீங்கள் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தீர்கள். எனக்கு முந்தானையை வாயில் வைத்துக்கொள்ளவேண்டியதாகிவிட்டது.

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் பகல் முழுவதும் உங்கள் பக்கத்தில் நான் இருந்தது அந்த ஒரு மாதம்தான். லாரியில் ஓடிய காலத்தில் நீங்கள் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. நமக்குக் குழந்தை இல்லை. வீடு கூட்டினால் கலைக்க ஆளில்லாமல் அப்படியே கிடக்கும். அந்த மாதம் நான் விளக்கேற்றும்போது முருகனிடம் வேண்டியது ஒன்றுதான்: இந்த வேலை சீக்கிரம் முடியவேண்டாம். உங்களிடம் அதைச் சொன்னதில்லை.

ஓடிய தூரத்தை மீட்டர் பார்த்துச் சாயங்காலம் எழுதுவது என் வேலை. ஒரு நாள் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு ஆளை அழைத்துவரப் போய்வந்தோம். எழுத உட்கார்ந்தால், பழைய டயரில் போய்வந்தபோது காட்டியதைவிடத் தூரம் குறைவாகக் காட்டியது.

"இன்னாங்க, சிங்கப்பெருமாள் கோயிலு நம்மூருக்குக் கிட்ட வந்துடிச்சா?" என்றேன்.

நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பெரிய சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் போய்விடும், மீட்டருக்கு அது தெரியாது, பழைய சக்கரத்தின் சுற்றைத்தான் அது எண்ணும் என்று சொல்லிக்கொடுத்தீர்கள். அன்று முதல் எவ்வளவு கூட்டிக்கொள்ளவேண்டும் என்று நானே போட்டுப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

கார்த்திகை மழையில் யானைக் கால் ஏமாற்றியது. ஏரிக்கரை இறக்கத்தில் டயரின் பட்டன்களுக்கு, அந்த மேடு மேடான ரப்பர் கட்டிகளுக்கு, நடுவே களிமண் அடைத்துக்கொண்டு, வண்டி சேற்றின்மேல் மிதந்தது. வலதுபக்கம் ஒடித்தால் நேரே போனது. நாம் இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தும் நேரே போய்க் கருவேலப் புதரில் நின்றது. எதிரே மாட்டுவண்டி ஒன்று அதே சேற்றில் ஆழமாகக் கோடு கிழித்துக்கொண்டு தாண்டிப் போனது. அந்த ஒல்லிச் சக்கரத்தையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரக் கடைசியில் இன்ஜினியர் வந்தார். ஆட்கள் சுங்குவார்சத்திரத்தில் லாட்ஜ் எடுத்துவிட்டார்களாம், பக்கத்திலேயே மெஸ்ஸும் பார்த்துவிட்டார்களாம்.

"நீங்க இனிமே சிரமப்படவேணாம்மா. பின்னாடி மெஷின் ஏத்தணும். முன்சீட்ல எங்க ஆள் ஒருத்தர் உக்காருவார். திங்கக்கிழமையிலேர்ந்து."

அவர் போன பிறகு நீங்கள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். "வண்டி ரிப்பேர்னு சொல்லிடறேன். வேற ஆள பாத்துக்கட்டும்" என்றீர்கள். என் சீட்டில் வேறொருவர் உட்கார்ந்தால் முதல் வளைவிலேயே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு இந்தப் பக்கத்தில் யாரும் உங்களை வாடகைக்குக் கூப்பிடமாட்டார்கள்.

நான் தேவராஜைக் கூப்பிட்டனுப்பினேன்.

"பழைய ரிம்மையே மாட்டுங்க. பதினாறு. ஒல்லி டயரா, பட்டன் ஆழமா இருக்கறதா பாத்துப் போடுங்க."

"இன்னா அண்ணி, சைக்கிளுக்கா கேக்கறீங்க?"

"தோச மாவுல தோசதிருப்பிய வெச்சா மேலயே நிக்கும். காம்பத் திருப்பி உட்டா அடிவரைக்கும் போவும். நம்ம ஏரில மேல சேறு, அடில கெட்டித்தரை. மணலா இருந்தா உங்க யான காலு சரி. இங்க அடித்தரையத் தொடணும்."

தேவராஜ் உங்களைப் பார்த்தார். நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒல்லி டயரென்றால் ஸ்டியரிங் எவ்வளவு லேசாகும் என்பதை நான் சொல்லவில்லை. அது அவருக்குத் தெரியவேண்டிய விஷயமில்லை. உங்களுக்குச் சொல்லவேண்டியதும் இல்லை.

அவர் போன பிறகு நிமிர்ந்து, "அப்ப நீ?" என்றீர்கள்.

அவ்வளவுதான் கேட்டீர்கள்.

"எனக்கு வூட்ல வேல இல்லையா?" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வல்லக்கோட்டை. மறுபடியும் நாலு பழம். இந்தத் தடவை நான் தட்டோடு வண்டிக்கு வெளியே நின்றேன். நீங்கள் நின்ற இடத்திலேயே வலதுபக்கம் ஒடித்தீர்கள், ஒற்றைக் கையில் சுலபமாகத் திரும்பியது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை, யாரும் கேலி பேசவில்லை. "இன்னாமே, வெரல்லயே திரும்புது" என்று உள்ளேயிருந்து சொன்னீர்கள். உங்கள் முகத்தில் அத்தனை வெளிச்சம். கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். முருகா, இவர் பிழைத்தார் என்றுதான் நினைத்தேன். வேறொன்றும் நினைத்தேன். அது இருக்கட்டும்.

திங்கட்கிழமை நீங்கள் கிளம்பிப் போன பிறகு அடுப்படி துடைத்து முடித்தும் பகல் அப்படியே மிச்சமிருந்தது.

அந்த வேலைக்குப் பிறகு வேறு கம்பெனி, வேறு ஏரி. வண்டி ஒருமுறைகூடச் சிக்கவில்லை. ஏரிக்குள் போகிற வேலை என்றால் உங்களைத்தான் தேடி வந்தார்கள். பிற்பாடு ஃபேக்டரிகள் எழும்பி, ரோடுகள் அகலமாகி, ஜீப்புக்கு வேலையில்லாமல் போகும்வரை நீங்கள் ஓட்டினீர்கள். உங்கள் தோளைப் பற்றி யாருக்கும் கடைசிவரை தெரியாது. உங்களைக் குளிப்பாட்டிப் புதுச்சட்டை போட வந்தவர்கள்தான், "இந்தக் கை ஏன் இப்படி?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். நான் சட்டையின் அந்தக் கையை இழுத்துவிட்டுப் பொத்தானைப் போட்டேன்.

ஒன்று மட்டும் இப்போது சொல்லிவிடுகிறேன். ஒல்லி டயர் மாட்டிய அந்த முதல் வாரத்திலேயே ஒரு நாள் மத்தியானம் வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. வந்து பார்த்தால் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க நீங்கள் நிற்கிறீர்கள், பக்கத்து சீட் காலி. "ஒண்ணுமில்ல. அவங்கள்லாம் சாப்புடறாங்க. தண்ணி குடு" என்றீர்கள். கொடுத்தேன். நின்றபடியே குடித்துவிட்டு, செம்பைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்கள். ஜீப்பின் பின்பக்கம் நான் காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் கேன் கழுத்துவரை அப்படியே இருந்தது. பிறகு அடிக்கடி அப்படி வந்தீர்கள். வருவீர்கள், குடிப்பீர்கள், போவீர்கள். "உக்காருங்க" என்று நான் சொன்னதில்லை. "ஏறு" என்று நீங்களும் சொன்னதில்லை.

அப்படி வந்த ஒரு நாள் சாயங்காலம் மீட்டரைப் பார்த்து, "தூரம் கூட வருதே" என்றேன்.

"டயரு மாத்தினோமில்ல, மீட்டரு அப்பிடித்தான் காட்டும். அத்த கம்பெனி கணக்குல எழுதாத" என்று துண்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டீர்கள்.

வடையும் ஓட்டையும் சொல்லி எனக்கு அந்தக் கணக்கைக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள்தான். சக்கரம் சின்னதானால் மீட்டர் எவ்வளவு கூடும் என்று போட்டுப் பார்த்தேன். கொஞ்சம்தான் கூடும். மீட்டர் காட்டியது அதைவிட எவ்வளவோ அதிகம். அந்த மிச்சம், நம் வாசல்வரை வந்து திரும்பிய தூரம். சொன்னபடி கம்பெனி கணக்கில் எழுதவில்லை. நம் கணக்கிலும் எழுதவில்லை. ஒரு நாளும் எதையும் விடாமல் எழுதுகிறவள், அதை மட்டும் எங்கும் எழுதாமல் நானே வைத்துக்கொண்டிருக்கிறேன்.