சுரக்குடி வாசலில் ஒரு பதினாலு சக்கர வண்டி

3, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். ஆபீஸ் வாசலில் கணுக்கால் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

பத்தரைக்குச் சென்னையிலிருந்து மேனேஜர் போன். அவர் போன் என்றால் எழுந்து நின்றுவிடுகிறேன். ஆள் எதிரில்கூட இல்லை, என்ன கிறுக்கோ. சொந்தமாக லாரி வைத்து ஓட்டுகிறவர்கள் பத்துப் பேரைப் பதினைந்தாம் தேதிக்குள் நம் கம்பெனியில் சேர்க்க வேண்டுமாம். சேராவிட்டால் காரைக்காலில் ஆள் தேவைப்படாதாம். இங்கே இருக்கிற ஆள் நான் ஒருத்திதான்.

சேருகிறவர்களுக்கு:
– புதுத் தார்ப்பாய் ஒன்று
– டீசல் கார்டு
– ஐம்பது நடை ஓடினால் கைக்கடிகாரம்
– வருடத்தின் சிறந்த ஓட்டுநர் போட்டோ கம்பெனி காலண்டரில்

மின்சார பில் கட்ட மறந்துவிட்டேன். நாளை.

4, செவ்வாய்

மழை விட்டுவிட்டது. மண்டையைப் பிளக்கும் வெயில். கோவில்பத்தில் இரண்டு பேர், வரிச்சிக்குடியில் மூன்று, பைபாஸ் டீக்கடையில் ஒருவர். ஆக ஆறு வண்டிக்காரர்கள். எல்லோரும் மரியாதையாக உட்கார வைத்துக் கேட்டார்கள். இரண்டு இடத்தில் டீ, ஒரு இடத்தில் கலர். கடைசியில் ஆறு பேரும் ஒரே பதில்: "வீட்ல கேட்டுட்டு சொல்றேன் மேடம்."

பிடிக்காவிட்டால் இப்படித்தான் நாசூக்காகக் கழற்றி விடுவார்கள். ஆறு பெயரையும் பேனாவால் அடித்தேன்.

உம்மாவிடம் புலம்பினேன். "லாரி ஓட்டுற ஆம்பளைக்கு மணி பாக்க வாட்ச் குடுக்குறியாக்கும்? அவங்க கையில போன் இல்லையா நஜிமா?" மேனேஜருக்கு இது தோன்றவில்லை. எனக்கும்தான்.

6, வியாழன்

சுரக்குடி. கலியபெருமாள் அண்ணன் வீடு. (இனி க.பெ. பெயர் நீளம்.) இருபது வருடமாக ஓட்டுகிறார். இந்தப் பக்கத்தில் அவர் சேர்ந்தால் நாலு பேர் சேருவார்கள் என்று பேச்சு. வாசலில் பதினாலு சக்கர வண்டி, கழுவித் துடைத்து நின்றது.

அரை மணி நேரம் பேசினேன். தார்ப்பாய், கார்டு, கடிகாரம், எல்லாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். முடித்ததும் உள்ளே திரும்பி, "கேட்டியா வசந்தா?"

வசந்தா அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "வண்டி என் பேர்ல இருக்கு மேடம். அவரு ஓட்டுறாரு. எங்க ஓடணும்னு நான் பாக்குறேன்."

நான் அரை மணி நேரம் தப்பான ஆளிடம் பேசியிருக்கிறேன்.

"நீங்க லோடு எறக்குற சிமெண்டு குடோன் கேட்டுல வண்டி எவ்வளவு நேரம் நிக்கும்?" தெரியவில்லை. அவர் ஒரு பள்ளிக்கூட நோட்டைப் புரட்டி, "முப்பது மணி நேரம். போன தடவ வேற கம்பெனிக்கு அங்க ஓடுனப்ப நின்னுச்சு" என்றார். வாங்கிப் பார்த்தேன். ஊர் ஊராக எழுதியிருக்கிறார். எங்கே குளிக்கத் தண்ணீர் கிடையாது. எந்த வாட்ச்மேன் நல்லவன். எங்கே சாப்பிட்டால் வயிறு கெடும். வீட்டுப் படியைத் தாண்டாமல் இத்தனையும் போனில் கேட்டுக் கேட்டு எழுதியது. எங்கள் கம்ப்யூட்டரில் இதில் பாதிகூட இல்லை.

"ஏறிப் பாத்திருக்கியா பாப்பா?" மேடம் போய்ப் பாப்பா ஆகிவிட்டேன். மூன்று வருடமாக லாரி ஆபீசில் வேலை, லாரிக்குள் ஏறியது இன்றுதான். அம்மாடி, எவ்வளவு உயரம். வயல் முழுக்க, கோபுரம் வரைக்கும் தெரிகிறது. சீட்டுக்குப் பின்னால் ஒரு பலகை. "படுத்துப் பாரு." படுத்தேன். எனக்கே கால் கதவில் முட்டியது. "அவரு உன்னையவிட ஒரு முழம் ஒசரம். மாசம் பூரா இதுலதான்." க.பெ. கீழே நின்று டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார், வெட்கம்.

"வாட்ச் வேணாம், போட்டோ வேணாம். மாசத்துல நாலு நாளு வண்டி எங்க வாசல்ல நிக்கணும். எந்த நாளுன்னு முன்னாடியே சொல்லிப்புடணும். அன்னைக்கு ஒரு போன் வரக் கூடாது."

சரி என்று சொல்லிவிட்டேன். மேனேஜரைக் கேட்காமல். யா அல்லாஹ்.

கிளம்பும்போது அக்கா என் ஆறு பேர் பட்டியலை வாங்கிப் பார்த்தார். "ஏன் அடிச்சிருக்க? வீட்ல கேக்குறேன்னாங்கல்ல, கேட்டிருக்காங்க. கோவில்பத்து மல்லிகா நேத்தே எங்கிட்ட விசாரிச்சா."

8, சனி

திருநள்ளாறு கூட்டம், பஸ் ஊர்ந்தது. இன்னும் வண்டி ஒன்றுதான். நாலு நாள் வாக்கை மேனேஜரிடம் சொல்ல இரண்டு முறை போனை எடுத்தேன், சொல்லாமலே வைத்தேன்.

10, திங்கள்

கனமழை. பதினொரு மணிக்கு ஆபீஸ் வாசலில் குடைகள். எண்ணினேன், பத்து. வசந்தா அக்காவும் அவர் கூட்டி வந்த வண்டிக்காரர் வீட்டுப் பெண்கள் ஒன்பது பேரும், ஆளுக்கொரு கேரி பேக்கில் வண்டியின் ஆர்.சி. புத்தகம். என்னிடம் இருப்பதோ மூன்று நாற்காலி. அந்தக் கோவில்பத்து மல்லிகா கூரியர் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார்.

பத்து வண்டிக்கும் மாதம் நாலு வீட்டு நாள் பிரித்தாகிவிட்டது, காலண்டர் தாளின் பின்பக்கத்தில். எந்த நாளிலும் இரண்டு வண்டிக்கு மேல் வீட்டில் நிற்காது. "எட்டு வண்டி ஒனக்கு எப்பவும் ரோட்ல இருக்கும். லோடு தேங்கிக் கெடக்காது" என்றார் அக்கா. யாருடைய பிள்ளைக்கு எப்போது பரீட்சை, யார் வீட்டில் வளைகாப்பு, எல்லாம் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இவர்களையா நான் சேர்க்கப் போனேன்?

மேனேஜரிடம் பத்து என்றேன். "வெரி குட்." வீட்டு நாளைச் சொல்ல வாய் வரவில்லை.

16, ஞாயிறு

மழை இல்லை. ஞாயிறு என்றாலும் ஆபீஸில்தான். இன்று க.பெ.க்கு முதல் வீட்டு நாள்.

ஒரு மணிக்கு மேனேஜர். எழுந்து நின்றேன். துறைமுகத்தில் அவசர லோடு, கலியபெருமாள் வண்டிதான் வேண்டும். இன்று அவருக்கு வீட்டு நாள் என்றேன். வீட்டு நாள் என்றால் என்ன என்றார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"யாரைக் கேட்டு வாக்குக் கொடுத்த? நானே அவன்கிட்ட பேசிக்கிறேன். உன்கிட்ட அப்புறம் பேசுறேன்."

டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், என் பேனா. பையில் போட்டு வைத்தேன். பத்து நிமிடம் கழித்து க.பெ. நம்பரிலிருந்து போன். எடுத்தால் வசந்தா அக்கா, குசுகுசுவென்று.

"ஒங்க மேனேஜரு கூப்ட்டாரு. எங்க வீட்டுக்காரரு தூங்குறாரு சார், எழுப்ப மாட்டேன், எதுவா இருந்தாலும் நஜிமாட்ட பேசுங்கன்னுட்டேன். மல்லிகா வண்டி காலியா வருது, தொறமொகத்துக்குத் திருப்பிவுட்டாச்சு, அவருட்டயும் சொல்லிட்டேன். மூணு மணிக்கு வந்துடும். நீ பயப்படாத பாப்பா."

"அண்ணன் எப்பத்திலேருந்து தூங்குறாங்க?"

"காலையில எட்டு மணிக்குப் படுத்தாரு. காலை நீட்டிக்கிட்டு."

உடனே மேனேஜர் லைனில் வந்தார்.

"அந்த மல்லிகா வண்டி எத்தனை மணிக்கு வரும்?"

"மூணு மணிக்கு சார்."

"நிச்சயமா?"

"நிச்சயமா சார். கலியபெருமாள் அண்ணன் வண்டி நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு. அதுக்கு முன்னாடி வராது."

"அந்த வீட்டு நாள் பட்டியலைப் போட்டோ எடுத்து அனுப்பு. பார்க்கிறேன்."

வைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் கவனித்தேன். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.