கியர் லீவருக்குப் போன கை

தனுஜா அப்பா,

ரொட்டியும் கட்டச் சம்பலும் மூடி வைத்திருக்கிறேன். நான் பஸ்ஸில் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போகிறேன். நேற்று சாப்பிடாமல் படுத்தது தலைவலியால் இல்லை.

கார்ச் சாவி ஆணியில்தான் இருக்கிறது. ஒளித்து வைக்கத்தான் நினைத்தேன்.

பழைய வேன் இருந்தபோது உங்கள் இடது கை எப்போதும் கியரில்தான் இருக்கும். நானும் ஒன்றும் கேட்டதில்லை. தானாகவே கியர் மாற்றும் இந்த ஆட்டோ கார் வந்த பிறகுதான் அந்தக் கை வேலை இல்லாமல் என் மடிக்கு வந்தது. கார் வாங்கியதில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

இப்போது யார் சொல்லிக் கொடுத்தார்களோ, லீவரைப் பக்கத்தில் தள்ளி மேனுவலில் போட்டு, மூன்று, இரண்டு என்று நீங்களே மாற்றிக்கொண்டு வருகிறீர்கள். நேற்று றக்வான வளைவில் நான் கையைப் பிடித்தால், "விடு புள்ள, ரெண்டுல போடணும்" என்று உதறுகிறீர்கள். வேறொரு பொம்பளை என்றாலாவது சண்டை பிடிக்கலாம். ஒரு லீவரோடு நான் என்ன செய்ய?

மத்தியானம் ரத்தினபுரிக் கல்யாணத்துக்குப் போகும்போது என்னைப் பள்ளிக்கூட கேட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள். தனுஜாவின் சட்டையை அயர்ன் பண்ணுங்கள்.

கேஸ்காரர் வந்தால் காலி சிலிண்டர் பின்பக்கம் இருக்கிறது.

இன்னொன்று. இறக்கத்தில் உங்கள் மேனுவலிலேயே வாருங்கள். இல்லாவிட்டால் பிரேக் சூடாகும் என்று எனக்கும் தெரியும். ஆனால் பெல்மதுளை தாண்டினால் ரோடு சமம். அங்கே லீவரைத் திரும்பவும் ட்ரைவில் போட்டுவிட்டு என் கையைத் திருப்பித் தந்துவிடுங்கள்.